அப்பாயியின் பாட்டும் கிளிக் டிராக்கும்

அன்புள்ள ஐயாவுக்கு,

கும்பகோணத்தில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மியூசிக் வீடியோ செய்கிறோம். என் அப்பாயி பாடிய நடவுப் பாட்டைப் போனில் பதிவு செய்து, நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு, ரிதம் சரியில்லை என்று 92 பிபிஎம் கிளிக்குக்கு (நிமிடத்துக்கு 92 முறை சீராகத் தட்டும் ஒலிக்கு) நேராக்கி, அதன்மேல் பீட் சேர்த்திருக்கிறோம். இப்போது வயலில் நடவு இல்லை என்பதால் காட்சிகள் பாதிக்குமேல் ஏஐயில் உருவாக்கியவை. எங்கள் வழிகாட்டி, எத்தனை டிஜிட்டல் தொழில்நுட்பம் பயன்படுத்தினோம் என்பதற்குத்தான் மதிப்பெண் என்கிறார். ட்ரோன் காட்சி சேர்க்கலாமா? எடிட்டிங்குக்கு எந்த மென்பொருள் நல்லது? ஏஐ காட்சி போடுவது தப்பா? அப்பாயியின் அசல் பதிவையும், முடித்த வீடியோவையும் இணைத்திருக்கிறேன். பங்குனி முடிவதற்குள் சமர்ப்பிக்க வேண்டும்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் வீடியோவை ஒரு முறை பார்த்தேன். உங்கள் அப்பாயியின் அசல் பதிவைப் பல முறை கேட்டேன். என்ன குரல் அது! அடித்தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு. மேலே போகும்போது மட்டும் சின்னப் பெண்ணின் குரலாகிவிடுகிறது. அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதற்காகவே உங்களைக் கட்டிக்கொள்ளலாம். அதன்பிறகு நீங்கள் செய்ததற்காகத் திட்டவும் வேண்டியிருக்கிறது.

முதலில் சின்ன விஷயங்கள். மென்பொருளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே உங்களுக்கு யதேஷ்டம். வெட்ட, வண்ணம் திருத்த, ஒலி சேர்க்க எல்லாம் அதிலேயே இருக்கிறது. ட்ரோன் வேண்டாம். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் எந்த இடம் பச்சை, எந்த இடம் மஞ்சள், எது சிவப்பு என்று பார்க்காமல் பறக்கவிட்டால் கருவியும் போகும், வழக்கும் வரும். பெரிய கோயில் மாதிரி தொல்லியல் துறைக் கட்டுப்பாட்டில் உள்ள இடங்களில் தனி அனுமதி வேண்டும். அதற்கு அலைகிற நேரத்தில் வேறு வேலை இருக்கிறது, சொல்கிறேன்.

ஏஐ காட்சிகள். தப்பா சரியா என்ற விவாதத்துக்கே நான் வரவில்லை. உங்கள் வீடியோவில் நடவு வயலுக்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு மலை தெரிகிறதே, திருத்துறைப்பூண்டியில் எந்தப் பக்கம் மலை இருக்கிறது? ஏறி நின்று பார்க்க ஒரு மேடுகூட இல்லாத சமவெளி அது. அந்தப் பெண்கள் முன்னோக்கி நடந்துகொண்டே நடுகிறார்கள். முன்னால் போய் நட்டால் நட்ட பயிரைத் தானே மிதிக்க வேண்டும்? நடவு பின்னால் நகர்கிற வேலை என்பது உங்கள் ஐந்து பேரில் ஒருவர் கண்ணுக்குமா படவில்லை? நடவு இல்லை என்றால் இருப்பதை எடுங்கள். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். பங்குனியில் நடவு எங்கிருந்து கிடைக்கும்? சம்பா அறுத்த தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும் நிற்கும். அந்தக் காய்ந்த வயலின் வரப்பில் உங்கள் அப்பாயி உட்கார்ந்து பாடினால் அதைவிடப் பெரிய காட்சி என்ன வேண்டும்? உங்கள் பக்கத்துக் கடைமடை ஊர்களில் நேரடி விதைப்பு வந்தபிறகு நடவே குறைந்துவிட்டது. நட இடமில்லாத ஒரு நடவுப் பாட்டு. இதுதான் உங்கள் கதை, அதை மலை போட்டு மறைத்துவிட்டீர்கள்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. கொஞ்ச நாளாகவே இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் மின்சார மேளம் வைத்திருக்கிறார்கள். சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் ஜாலராவும் தானே அடித்துக்கொள்ளும். தீபாராதனை தொடங்கும்போதும், தட்டு சாமி முகத்துக்கு நேரே வந்து நிற்கும்போதும் அதற்கு ஒரே வேகம். ஒரு தவில்காரர் இருந்தால் கண் அங்கே இருக்கும், கை இங்கே இருக்கும். கல்யாணத்தில் யாரோ விரலை உயர்த்தி 'கெட்டிமேளம்' என்றதும் அந்த நொடியில் தாலிக்குச் சேர்ந்து மேளம் ஏறுகிறதே, அது ஒருவர் இன்னொருவரைப் பார்த்து வாசிப்பதால் வருவது. மின்சார மேளம் யாரையும் பார்ப்பதில்லை. இதை நினைத்து மனம் புழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் 92 பிபிஎம் வந்து சேர்ந்தது.

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். நான் சிறுவனாக இருந்தபோது பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த என் சித்தப்பா நடவுப் பாட்டுகளைச் சேகரிக்க வேண்டும் என்று ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினார். நடவில் முன்பாட்டு எடுக்கும் ஒரு பாட்டியை வீட்டுக்கு அழைத்து, திண்ணையில் உட்காரவைத்து, மைக்கைக் கையில் கொடுத்துப் பாடச் சொன்னார். இரண்டு வரிக்குமேல் வரவில்லை. மறுபடி தொடங்கினார்கள், மறுபடி நின்றுவிட்டது. "கையில ஒண்ணும் இல்லாம எப்படிய்யா பாட்டு வரும்?" என்றார்கள். வயலிலிருந்து ஒரு நாற்றுமுடி, அதாவது ஒரு நாற்றுக்கட்டு, கொண்டுவந்து கொடுத்தோம். அவ்வளவுதான். திண்ணையைவிட்டு இறங்கி, வாசலில் குனிந்து, இடது கையில் முடியைப் பிடித்து, வலது கை விரலால் இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்து, வெறும் மண்ணில் ஊன்றுவதுபோல் ஊன்றிக்கொண்டே பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஓர் அடி பின்னால். சித்தப்பா ஒரு கையில் மைக்கும் ஒரு கையில் டேப் ரெக்கார்டருமாக அவர்கள் பின்னால் போகப் போக முன்னால் நகர்ந்தார். பாட்டு வாசலைக் கடந்து தெருவுக்குப் போய்விட்டது. பதிவில் சித்தப்பாவின் செருப்புச் சத்தம் இன்றும் கேட்கிறது.

அந்தப் பதிவைக் கேட்டால் ஒன்று தெளிவாகத் தெரியும். வரிகள் ஒரே நீளத்தில் இல்லை. முன்பாட்டு முடிந்து பின்பாட்டு எடுப்பதற்குள் சில இடத்தில் இடைவெளி கொஞ்சம், சில இடத்தில் அதிகம். ஏன்? கையிலிருக்கும் முடி தீர்ந்துபோகும். பின்னால் கிடக்கும் அடுத்த முடியை எட்டி எடுத்து, கட்டை அவிழ்க்க வேண்டும். அதுவரை கடைசிச் சொல்லை இழுத்துப் பிடிப்பார்கள். சேறு இளகலாக இருந்தால் வேகம் கூடும், இறுகி இருந்தால் குறையும். பக்கத்தில் நடுகிற புதுப்பெண் பின்தங்கிவிட்டால் அவளுக்காகப் பாட்டு காத்திருக்கும். மேற்பார்வைக்கு வரப்பில் நின்ற காரியக்காரர் விரட்டினால், அவரையே கிண்டல் செய்யும் வரி ஒன்று நடுவில் நுழையும், சிரிப்பில் தாளம் குலையும், மறுபடி கூடும். இவ்வளவும் தாளத்தில் இருக்கிறது.

உங்கள் அப்பாயியின் அசல் பதிவிலும் இது இருக்கிறது, ம. இரண்டாவது சரணத்தின் முடிவில் ஒரு சொல்லை இழுக்கிறார்களே, அந்த இடத்தை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து பாடும்போதும் உடம்பு முடி மாற்றுகிறது. நீங்கள் அந்த இழுப்பை வெட்டி, மென்பொருளின் தாளக் கட்டத்துக்குள் போட்டுவிட்டீர்கள். மற்ற வரிகளை நீட்டியும் சுருக்கியும் 92-க்குள் அடைத்துவிட்டீர்கள். பத்துப் பெண்கள் சேர்ந்து செய்த வேலையின் வரைபடம் போல இருந்த ஒன்றை அழித்துவிட்டு, 'ரிதம் சரியில்லை சார், கரெக்ட் பண்ணினோம்' என்று எழுதுகிறீர்களே, யாருடைய ரிதம் சரியில்லை?

தொழில்நுட்பம் என்றால் இப்படித்தான் என்று நீங்கள் சொல்லலாம். ஒரு காலத்தில் அது உண்மை. 78 வேக இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். நாகஸ்வரத்தில் தோடி ராகத்தை மணிக்கணக்கில் விரித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் இசைத்தட்டுக்கு வாசிக்கும்போது அந்தச் சொச்சத்துக்குள் அடங்கித்தான் வாசித்தார். அந்தக் கருவிக்கு வேறு வழி தெரியாது. இன்று உங்கள் கையிலிருக்கும் கருவிக்கு அந்த மன்னிப்பு கிடையாது. ரீப்பர் போன்ற மென்பொருளில் குரலைத் தொடாமல் வைத்துவிட்டு, அவர்கள் தட்டு விழும் இடங்களில் டெம்போ மார்க்கர், அதாவது வேகம் மாறுவதைக் குறிக்கும் அடையாளம், வைத்துக்கொண்டே போகலாம். கட்டம் குரலுக்கேற்ப வளையும். அப்புறம் நீங்கள் சேர்க்கும் பறையோ பீட்டோ எதுவானாலும் அப்பாயி இழுக்கும் இடத்தில் காத்திருக்கும், அவர்கள் ஓடும் இடத்தில் கூட ஓடும். கடினமான வேலை, ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். ஆனால் மதிப்பெண்ணுக்குத் தொழில்நுட்பம் வேண்டும் என்றால் இதைவிட நல்ல தொழில்நுட்பம் எது? கருவிகளை எண்ணி மார்க் போடுவது பட்டியல் எழுதத்தான் பழக்கும் என்று உங்கள் வழிகாட்டியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்.

நாய்ஸ் ரிடக்‌ஷனையும் கழற்றுங்கள். சத்தமில்லாத இடத்தில் கேட்கும் இரைச்சலை அது மாதிரியாக எடுத்துக்கொண்டு பாட்டு முழுவதிலிருந்தும் கழிக்கும். அதிகமாகப் போட்டால் மூச்சும் போகும், 'ச'வும் 'ஸ'வும் தேயும், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். உங்கள் அப்பாயிக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. அசலில் பின்னால் ஒரு கோழி கேறுகிறது, வளையல் ஒலிக்கிறது. இருக்கட்டுமே.

படம் எடுக்கும்போது பிளேபேக் போட்டு வாயசைக்கச் சொல்லாதீர்கள். அவர்களால் முடியாது. ஒரு தடவை பாடியதுபோல் இன்னொரு தடவை பாடுகிறவர்கள் இல்லை. நேரிலேயே பாடட்டும். இரண்டு போன் ஓடட்டும், ஒலிக்குத் தனியாக ஒரு ரெக்கார்டர், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். தொடங்கும்போது எல்லாக் கேமராவும் பார்க்கும்படி ஒரு கைதட்டல். ரிசால்வே அலைவடிவத்தை வைத்துச் சேர்த்துக்கொள்ளும். போனில் ஏர்பிளேன் மோடு. உங்கள் பக்கம் கடல்காற்று, மைக்குக்கு ரோமஉறை இல்லாமல் போகாதீர்கள். குனிந்து பாடினால் குரல் தரைக்குத்தான் போகும், மைக்கையும் தாழ வையுங்கள். சேலையில் குத்தும் மைக் வேண்டாம். கை அசையும்போதெல்லாம் துணி உரசும்.

கடைசியாக ஒன்று. இதில்தான் எனக்கு உண்மையாகவே கோபம். உங்கள் டைட்டில் கார்டில் ஐந்து பேர் பெயர், வழிகாட்டி பெயர், துறைத்தலைவர் பெயர், நான்கு மென்பொருள்களின் பெயர் இருக்கிறது. பாடியவர் என்ற இடத்தில் 'ஃபோக் வோக்கல்ஸ்' என்று போட்டிருக்கிறீர்கள். அவர்களுக்குப் பெயர் இல்லையா? உங்களுக்குச் சோறு ஊட்டிய கைக்குச் சொந்தக்காரர் பெயர் உங்களுக்குத் தெரியாதா? அன்பையும் மரியாதையையும் விட்டுவிடுவோம், சட்டமே இதைச் சொல்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுகிறவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு, 50 ஆண்டு நிற்கும். 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, இதைப் பாடியவர் நான்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையை அவருக்குத் தருகிறது. பாட்டு யார் கட்டியது என்று தெரியாமல் இருக்கலாம். பாடிய குரல் யாருடையது என்பது உங்களுக்குத் தெரியும். முழுப் பெயரும் ஊர்ப் பெயரும் முதல் கார்டிலேயே வரட்டும். யூடியூபில் ஏற்றுவதற்கு முன்னால் அவர்களுக்கு முழுசாகப் போட்டுக் காட்டி, போடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கல்லூரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேரம் குறைவு என்று தெரியும். ஏஐ காட்சியை எல்லாம் எடுத்துவிட்டு, ஊருக்குப் போய் ஒரு நாளில் வரப்பில் எடுத்துவிடலாம். டெம்போ மார்க்கருக்கு ஒரு நாள், வெட்டிச் சேர்க்க இரண்டு நாள். அந்த அசல் பதிவு, எனக்கு அனுப்பியது போக, உங்கள் போனில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்று ராத்திரியே ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும், வேறு ஒருவர் வீட்டிலுள்ள இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலும் பிரதி எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி அதைப் பிரதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அது ஒலியைச் சுருக்கிவிடும்.

அன்புடன்.