பள்ளி நாட்களில் கேட்ட பாப் குழுக்கள் மறுபடி சேர்ந்து பாடினால் போய்ப் பார்க்கலாமா?

கேள்வி இதுதான்: பள்ளியில் படிக்கும்போது உயிராகக் கேட்ட பாப் குழுக்கள் இப்போது மறுபடி ஒன்று சேர்ந்து, ஒரே மேடையில், திறந்தவெளியில் பாடுகின்றன. போனால் சந்தோஷமாக இருக்குமா, இல்லை மனதில் இருக்கும் பழைய படம் கெட்டுப்போகுமா? போவதற்கு முன் அந்தப் பாட்டுகளை ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது நல்லதா?

போங்கள். அக்காவும் நானும் போய் வந்தோம், மறுபடியும் போவோம். ஆனால் மேடையை மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று போனால் பாதியைத் தவறவிடுவீர்கள். இந்த மாதிரிக் கச்சேரியில் பாதிப் பாட்டு கீழே நிற்கிற கூட்டத்திடம் இருக்கிறது.

ரீயூனியன் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டாலும் குழு முழுசாக மேடையேறுவது அபூர்வம். பிரிட்டனின் டேக் தட் பாப் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் பிரிந்தார்கள். 2006-இல் நான்கு பேராகச் சுற்றுப்பயணம் போனார்கள். 2011-இல் ராபி வில்லியம்ஸும் சேர்ந்து ஐந்து பேர். அப்புறம் அவர் போய், 2014-இல் ஜேசன் ஆரஞ்சும் விலக, மூன்று பேர் குழுவாக ஆனது. ஸ்பைஸ் கேர்ள்ஸ் 2019-இல் பெரிய பெரிய ஸ்டேடியங்களில் பாடியபோது விக்டோரியா பெக்கம் வரவில்லை. ஃபைவ் குழு 2001-இல் கலைந்தது. 2013-இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக நால்வர் சேர்ந்தார்கள், பிறகு பல வருடம் மூவராகவே பாடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேரும் மறுபடி ஒன்றாக வந்தது 2025-இல்தான்.

அதனால் நீங்கள் போகிற நாளில் யாரோ ஒருவர் இருக்க மாட்டார் என்று எதிர்பார்த்தே போகலாம். ஆள் இல்லாவிட்டாலும் அவர் பாடிய வரி பாட்டில் அப்படியே இருக்குமே, அதை யார் பாடுவது?

நாங்கள் பார்த்தபோது ஃபைவ் மூவராகத்தான் வந்தார்கள். அவர்கள் பாட்டுகளில் பல்லவியைவிட நடுவில் வரும் ராப்தான் எங்களுக்கு முக்கியம். பள்ளி விட்டு வந்ததும் யார் மூச்சு விடாமல் அதை முழுசாகச் சொல்கிறோம் என்று அக்காவுக்கும் எனக்கும் போட்டி நடக்கும். அந்த ராப்பை முக்கியமாகப் பாடிய இருவருமே அன்று மேடையில் இல்லை. அந்த இடம் நெருங்க நெருங்க எனக்குப் படபடப்பு. ஆனால் அது வந்ததும் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டார்கள். என் பக்கத்தில் ஒருவர் மகளைத் தோளில் உட்காரவைத்திருந்தார். அவள் கால்கள் இரண்டையும் பிடித்தபடியே, ஒரு அசை பிசகாமல், கண்ணை மூடிக்கொண்டு முழு ராப்பையும் சொல்லி முடித்தார். அந்தச் சின்னப் பெண் குனிந்து அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆளுக்குள் இப்படி ஒருவர் இருந்தாரா என்கிற பார்வை அது. மேடையில் இருந்தவர் மைக்கை எங்கள் பக்கம் நீட்டியபோது பாட்டு ஏற்கெனவே எங்கள் கைக்கு வந்திருந்தது.

இதெல்லாம் அத்தனை பேருக்கும் எப்படி இன்னும் மனப்பாடமாக இருக்கிறது என்று கேட்கலாம். அன்றைக்கு நாம் பாட்டைப் பொறுக்கி மாற்றிக்கொண்டே கேட்கவில்லையே. கையில் இருந்த ஒன்றிரண்டு கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டோம். கேசட் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அட்டையில் வரிகளைப் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். எங்கள் அட்டையைப் பிரித்துப் பிரித்து, மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து உரிந்து, ஒரு பாட்டில் ஒரு வரியே காணாமல் போய்விட்டது. காதால் கேட்டும் அந்த வரி எங்களுக்குப் பிடிபடவில்லை. அதனால் அக்கா தானே நான்கு சொல் போட்டு அதை நிரப்பினாள். கச்சேரியில் அந்த இடம் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சுற்றி ஆயிரக்கணக்கானோர் சரியான சொல்லைப் பாடிக்கொண்டிருக்க, தான் போட்ட நான்கு சொல்லைத் தொண்டை கிழியப் பாடினாள். நானும் அதையேதான் பாடினேன். எங்கள் வீட்டில் பாட்டு அப்படித்தான் இருந்தது.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் பயம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். குரல் மாறியிருக்கும். இருபது வயதில் எட்டிய உச்ச ஸ்தாயி நாற்பத்தைந்தில் எட்டாது, அதனால் நிறையக் குழுக்கள் பழைய பாட்டை அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடுகின்றன. எனக்கு இதில் வருத்தமே இல்லை. கீழே நிற்கிற நமக்கும் அதே வயதுதானே ஆகியிருக்கிறது? சுருதியை இறக்கியதால்தான் கூட்டத்தில் எல்லோராலும் உச்சத்தில் வரும் வரியை விடாமல் பாட முடிகிறது. ஒலிப்பதிவில் கேட்டபடியே குரல் வர வேண்டும் என்று பின்னணி டிராக்கைச் சத்தமாக ஓடவிட்டு வாயசைப்பவர்களைவிட, சுருதியை இறக்கிச் சொந்தக் குரலில் பாடுகிறவர்கள் மேல் எனக்கு மதிப்பு அதிகம். வெஸ்ட்லைஃப் என்ற ஐரிஷ் குழுவின் பாணிப் பாட்டுகளில் கடைசிப் பல்லவிக்குக் கட்டை ஏறுமே, ஸ்டூலில் உட்கார்ந்து பாடுகிறவர்கள் சரியாக அந்த நேரத்தில் எழுந்து நிற்பார்களே, அந்த ஏற்றம் வந்தால் புல்லில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட யாரும் சொல்லாமலே எழுந்துவிடுகிறார்கள்.

திறந்தவெளி என்பதால் சத்தம் வேறு விதமாக இருக்கும். அரங்கத்துக்குள் என்றால் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பும். மைதானத்தில் அது போய்விட்டால் போனதுதான். காற்று வீசினால் ஒரு வரி பளிச்சென்று கேட்கும், அடுத்த வரி வேறு பக்கம் அடித்துக்கொண்டு போகும். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்றால், மேடையில் எழும் சத்தம் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமாக வந்து சேரும். பெரிய திரையில் உதடு முன்னால் அசையும், பாட்டு பின்னால் வரும். இதற்காகத்தான் மைதானத்தின் நடுவில் தூண் கட்டி, அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டு ஓடுகிற கூடுதல் ஸ்பீக்கர்களை வைக்கிறார்கள். சவுண்ட் இன்ஜினியர் உட்கார்ந்திருக்கும் கூடாரம் ஒன்று மேடைக்கு எதிரே இருக்கும். அதன் அருகே இடம் பிடியுங்கள். அவர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார், அந்த இடத்தில் கேட்பது பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

ஆனால் இந்தத் தாமதத்தில் ஓர் அழகும் இருக்கிறது. முன்னால் நிற்பவர்கள் பாடி முடித்த சொல்லைப் பின்னால் நிற்பவர்கள் அப்போதுதான் பாடத் தொடங்குகிறார்கள். மேடையில் கைதட்டச் சொன்னால், தட்டல் முன் வரிசையில் கிளம்பி நம்மைக் கடந்து பின்னால் உருண்டு போவது காதுக்குத் தெரியும். கூட்டம் எவ்வளவு பெரிது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாக்மேனில் தனியாகக் கேட்ட பாட்டு அத்தனை பேரிடமும் இருந்திருக்கிறது என்பதை அப்படிக் காதால் உணர்வது பெரிய விஷயம்.

முதலில் வரும் குழுக்கள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்திலேயே பாடுகின்றன. லைட்டிங் எதுவும் எடுபடாது. ஒவ்வொரு குழுவுக்கும் நேரமும் குறைவு, அதனால் ஹிட் பாட்டுகள் மட்டும்தான் வரும். புது ஆல்பத்திலிருந்து ஒன்று பாடலாமா என்று யாரும் இழுப்பதில்லை. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஸ்டெப்ஸ் குழு வந்தபோது நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1997-இல் தொடங்கி, 2001 கடைசியில் பிரிந்து, 2011-இல் திரும்பி வந்த குழு. ஐந்து பேரும் அப்படியே இருக்கிறார்கள், அந்த வகையில் அபூர்வம். அவர்களுடைய முதல் பாட்டே வரிசையாக நின்று ஆடுகிற லைன் டான்ஸ் வகை. யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளும்படிதான் அவர்கள் ஆட்டங்களை அமைத்திருப்பார்கள். பீ ஜீஸ் குழு 1979-இல் வெளியிட்ட ‘ட்ராஜெடி’ பாட்டை இவர்கள் 1998-இல் மறுபடி பாடினார்கள். அந்தச் சொல் வரும்போது இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தின் இரு பக்கமும் கொண்டுவர வேண்டும். அக்காவுக்கு இப்போது வலது தோள்பட்டையில் வலி, கையை முழுசாகத் தூக்க முடியாது. வீட்டில் மேல் அலமாரியில் இருப்பதை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அந்தச் சொல் வந்தது. இடது கை முகம் வரை போனது, வலது கை தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அவளுக்குப் பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண் சட்டென்று தன் வலது கையை நீட்டி அக்காவின் கன்னத்துக்கு அருகே வைத்தாள். இருவரும் சிரிக்கவில்லை, பாட்டை விடவும் இல்லை. அடுத்தடுத்த முறை அந்தச் சொல் வந்தபோதெல்லாம் அப்படியேதான் ஆடினார்கள். பாட்டு முடிந்த பிறகுதான் பெயரையே கேட்டுக்கொண்டார்கள்.

சில இடைவெளிகள் மனதைக் கனக்க வைக்கும், அதற்கும் தயாராகப் போங்கள். பாய்ஸோன் குழுவின் ஸ்டீபன் கேட்லி 2009-இல் தன் 33-ஆவது வயதில் இறந்தார். 2018-இல் வந்த அவர்கள் ஆல்பத்தில், அவர் முன்பே பதிவுசெய்து வைத்திருந்த குரலோடு மற்ற நால்வரும் சேர்ந்து பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது. எஸ் கிளப் 7 குழு 2023 பிப்ரவரியில் மறுபடி சேர்வதாக அறிவித்தது. ஏப்ரலில் பால் கேட்டர்மோல் இறந்துவிட்டார். இன்னொருவரும் விலகிக்கொள்ள, அந்த வருடக் கடைசியில் ஐந்து பேராகத்தான் சுற்றுப்பயணம் போனார்கள். இப்படி ஒருவர் போய்விட்ட குழுவின் கச்சேரியில் அவர் வரியைக் கூட்டம் பாடும்போது, அந்தக் குரலை அதுவரை தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நாமும்தான் என்று தெரிகிறது. நான் அழுதேன், பக்கத்தில் நிறையப் பேர் அழுதார்கள், அழுதுகொண்டே பாடினோம். நினைவு கெட்டுவிடுமோ என்று கேட்டீர்களே, எனக்கு அது இன்னும் ஆழமாகத்தான் ஆனது.

டிக்கெட் வாங்கும் முன், எந்தக் குழுவில் யார் யார் வருகிறார்கள் என்று பெயர் பெயராகப் பார்த்துவிடுங்கள். உங்களுக்குப் பிடித்த அந்த ஒருவரே வரவில்லை என்று மைதானத்தில் நின்று தெரிந்துகொள்வதைவிட வீட்டிலேயே தெரிந்துகொண்டு போவது மேல். முடிந்தால், பள்ளி நாட்களில் உங்களோடு கேட்டவரையும் அழைத்துப் போங்கள். தனியாகப் போனாலும் பரவாயில்லை, எங்களுக்கு முன்னால் தனியாக வந்து நின்ற பெண்ணைச் சுற்றி இருள்வதற்குள் ஒரு குழுவே சேர்ந்துவிட்டது.

கடைசியாக, பாட்டுகளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது பற்றி. அக்கா கச்சேரிக்கு முன் சமையலறையில் தினமும் ஓடவிட்டுக் கேட்டாள். நான் வேண்டுமென்றே ஒன்றைக்கூடக் கேட்கவில்லை, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. அங்கே போனதும் இரண்டு பேருக்கும் எல்லா வரியும் வந்தது. உங்களுக்கு எது பிடிக்கிறதோ அப்படிச் செய்யுங்கள்.