கடன் இருக்கும்போது தசமபாகம்: சகோதரருக்குப் பதில்

சகோதரரே, சம்பளம் 24,000. அதில் பத்தில் ஒரு பங்காகச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகம் 2,400. ஐந்து வட்டிக்கு வாங்கிய 50,000-க்கு மாதம் வட்டி மட்டும் 2,500. காணிக்கையை நிறுத்தினால் பாவமா, கடனோடு தசமபாகம் கொடுப்பதற்கு மனைவி கோபப்படுவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயமானதே. தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதை 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கியவர்களை மாற்கு 7-ல் இயேசுவே கண்டிக்கிறார். உபாகமம் 14-ல் மூன்றாம் வருடத் தசமபாகம் திக்கற்றவருக்கும் விதவைக்கும் போனது. கடன்பட்ட வீட்டிலிருந்து பிடுங்குவது அதன் நோக்கமல்ல.

ஐந்து வட்டி என்றால் வருடத்துக்கு 60 சதவீதம். வட்டி மட்டும் கட்டினால் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அந்த 2,400-ஐயும் சேர்த்து மாதம் 4,900 கட்டுங்கள். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும், 15 மாதத்தில் கடன் முடியும். அசலில் கழித்ததைப் புரோநோட்டின் பின்பக்கம் தேதியோடு எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: வாய்க்கணக்கில் விட்டால் எல்லாம் வட்டியாகவே போய்விடும். முடிந்ததும் புரோநோட்டையும், கொடுத்திருந்தால் வெற்றுக் காசோலையையும் திரும்ப வாங்குங்கள். மிரட்டினால் 2003-ஆம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டப்படி போலீசில் புகார் தரலாம்.

கொடுக்காமல் இருக்க மனசு கேட்கவில்லையா? சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துவைப்பது நம் சபைகளின் பழைய வழக்கம்தானே, அதைக் காணிக்கையாகக் கொடுங்கள். காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். பூசணிக்காயை 1,000-க்குக் கடன் சொல்லி எடுத்துவிட்டு வீட்டில் சண்டை வேண்டாம். போதகரிடம் நிலைமையைச் சொல்லி, சபையில் ஏழைகள் நிதி இருந்தால் கேளுங்கள். அது உங்களைப் போன்றவர்களுக்காக வைத்ததுதான்.