திறந்துவிட்டார்கள், எனக்குத்தான் பயம் போகவில்லை

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 39 வயது. செல்லூரில் இருக்கிறோம். கணவர் விளக்குத்தூண் பக்கம் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். மே மாதம் என் அண்ணனைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்தோம். அவருக்கு 46 வயதுதான். தத்தனேரி சுடுகாட்டில் தூரத்தில் நின்று கும்பிட்டதோடு சரி, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இப்போது, 2021 ஜூலை 5-லிருந்து ஜவுளிக்கடை திறக்கலாம், கோயிலுக்குப் போகலாம் என்று ஊரடங்கில் தளர்வு கொடுத்துவிட்டார்கள். கொரோனாவே போய்விட்ட மாதிரி எல்லாரும் நடமாடுகிறார்கள். கணவர் கடையைத் திறந்துவிட்டார். மாமியாருக்கு 66 வயது, சர்க்கரை இருக்கிறது. ஏப்ரல் 12-ல் கோவிஷீல்டு ஒரு ஊசி போட்டதோடு நிற்கிறது. மீனாட்சியைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். எனக்கு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. பால் பாக்கெட் முதல் ரூபாய் நோட்டு வரை சோப்புத் தண்ணீரில் கழுவுகிறேன். உசிலம்பட்டியில் இருக்கிற அண்ணியைக்கூட இன்னும் போய்ப் பார்க்கவில்லை. 'உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது' என்கிறார் கணவர். கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டு மாதம் பூட்டிக் கிடந்ததில் என் வளையல்கள் அடகில் இருக்கின்றன. நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வேண்டாம், செல்லூர், மதுரை.

பதில்:

அன்புத் தங்கச்சி, உங்களுக்குப் பைத்தியமும் இல்லை, ஒன்றும் இல்லை. மே மாதம் கூடப்பிறந்தவரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஜூலையில் மாசி வீதிக் கூட்டத்தைப் பார்க்கும்போது அடிவயிறு கலங்காமல் இருக்குமா? உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் எனக்குப் பட்டது கிறுக்கு இல்லை, துக்கம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பயத்தைப் பார்ப்போம். இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. தமிழ்நாட்டில் கொரோனாவுக்கு முதல் உயிர் போனது நம் ஊரில்தான், 2020 மார்ச் 25, அரசு ராஜாஜி மருத்துவமனையில். நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியதும் அதே நாள். அன்றிலிருந்து திறப்பதும் மூடுவதுமாகத்தானே நம் பிழைப்பு ஓடுகிறது? போன வருஷம் மே, ஜூனில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். பரவை மார்க்கெட்டில் பரவியது. ஜூன் 24-ல் மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள். ஒரு வாரம் என்றது ஜூலை 14 வரை இழுத்தது. இந்த வருஷம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம், தேர்தல் கூட்டங்களுக்கு லாரி லாரியாக ஆள் போனது, அப்புறம் மே வந்தது. மே 24-லிருந்து மளிகைக் கடை, காய்கறிக் கடைகூடக் கிடையாது என்று அறிவித்தபோது, அதற்கு முந்தின சனி, ஞாயிறு இரண்டு நாளும் எல்லாக் கடைகளையும் திறந்து வைத்தார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஜனம் நின்றதே, அதை எப்படி மறக்க முடியும்? தளர்வு என்று காதில் விழுந்ததும் உங்களுக்கு அந்த இரண்டு நாள்தான் ஞாபகம் வருகிறது. எனக்கும் அதுதான் வருகிறது.

ஆனால் இந்தத் தடவை எதற்காகத் திறக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. ஜூலை தொடக்கத்தில் அது நாலாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நிலைமை இன்று இல்லை. நாளைக்கு உங்கள் வீட்டில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் படுக்கை கிடைக்கும் என்கிற நிலை வந்திருக்கிறது. தளர்வு என்றால் அவ்வளவுதான். நோய் போய்விட்டது என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. 38 மாவட்டத்துக்கும் ஒரே மாதிரி ஒரு உத்தரவு போடுகிறார்கள். அதில் எதைத் திறக்கலாம் என்றுதான் இருக்கும். சர்க்கரை உள்ள 66 வயது மாமியாரை எப்போது எங்கே கூட்டிப்போவது என்பது அதில் இருக்காது. அதை உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடை திறக்கத்தான் வேண்டும், தங்கச்சி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். மே மாதம் அரசு கொடுத்த இரண்டாயிரம், ஜூனில் கொடுத்த இரண்டாயிரம், 14 மளிகைப் பொருள், ரேஷன் அரிசி, இதை வைத்து நான்கு பேர் சாப்பிட்டார்கள். வீட்டு வாடகை அப்படியே நிற்கிறது. போன வாரம் சாயங்காலம் மறுபடி அவர் கூடையைக் கொண்டுவந்து வைத்தபோது, சரம் கட்டுகிற விரல் பழைய வேகத்துக்கு வர இரண்டு நாள் பிடித்தது என்றார். மூடி வைத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். உங்கள் கடையில் சேலை மடித்துப் போடுகிற பெண்கள் இருந்தால் அவர்கள் வீட்டிலும் இதே கதைதான் இருக்கும். உங்கள் வளையலும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

ஆகவே 'போகாதீர்கள்' என்பதை விட்டுவிடுங்கள். 'எப்படி நடத்துகிறீர்கள்' என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இனி வருகிற பத்தியைக் கணவரிடமே படிக்கக் கொடுங்கள்.

தம்பி, உங்கள் கடையை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பக்கத்துச் சின்ன ஜவுளிக்கடைகளில் ஏறி இறங்கியவள்தான் நான். குறுகலாக நீளமாக இருக்கும், மூன்று பக்கமும் அலமாரி, பின்னால் ஜன்னல் இருக்காது. ஏசி போடக்கூடாது என்று உத்தரவே இருக்கிறது, அது நல்லதுக்குத்தான். இந்த நோய் முக்கியமாகக் காற்றில்தான் வருகிறது, அடைத்த இடத்தில் சாம்பிராணிப் புகை மாதிரி தேங்கி நிற்கிறது. ஷட்டரை முழுக்க ஏற்றிவிடுங்கள். ஒரு மேசை ஃபேனை உள்ளே இருந்து வாசலைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். முகூர்த்தச் சேலை எடுக்க ஒரு குடும்பத்தில் பத்துப் பேர் வந்தால் இரண்டு பேரை உள்ளே கூப்பிட்டு, மற்றவர்களுக்கு வாசலில் ஸ்டூல் போடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இந்த வருஷம் எல்லா வீட்டிலும் ஒரு படத்துக்கு மாலை ஏறியிருக்கிறது. இதெல்லாம் நீங்கள் செய்துகொண்டிருப்பீர்கள். யாரும் கவனிக்காத இடம் மதியச் சாப்பாடு. காலையிலிருந்து மாஸ்க்கோடு நிற்பவர்கள், மதியம் பரணுக்குக் கீழே அந்த நாலடி இடத்தில் வட்டமாக உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றி, ஒருவர் தூக்குவாளியில் இருந்து மற்றவர் குழம்பு வாங்கி, அரை மணி நேரம் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடுவார்கள். வருகிற வாடிக்கையாளர்களைவிட இங்கேதான் ஆபத்து அதிகம். ஆளுக்கு ஆள் நேரம் மாற்றிவிடுங்கள், மாடியோ பின்சந்தோ இருந்தால் அங்கே அனுப்புங்கள். பதினோரு மணி டீயும் வாசலில் நின்று குடிக்கட்டும். உடம்பு சரியில்லை என்று ஒரு பெண் சொன்னால், சம்பளம் பிடிக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இதைச் சொல்லாவிட்டால் காய்ச்சலோடு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்து நிற்பார்கள். வேறு வழி அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் அவர்களுக்கும் ஊசி போட்டாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஒன்று. மனைவியைப் பைத்தியம் என்று சொல்லாதீர்கள். மச்சினன் செத்து இரண்டு மாதம்கூட ஆகாத வீட்டில் அது ரொம்பக் கடுமையான வார்த்தை.

சரி, மாமியாருக்கு வருவோம். ஏப்ரல் 12-ல் கோவிஷீல்டு போட்டவருக்கு ஜூலை 5-ஓடு 84 நாள் முடிந்துவிட்டது. இரண்டாவது ஊசிக்கு நேரம் வந்துவிட்டது, இந்த வாரமே கூட்டிப்போங்கள். போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் அதன் பலம் முழுசாக வரும். அதுவரைக்கும் அவரிடம் 'போகக்கூடாது' என்று சொல்லாதீர்கள், 'எப்போது போகலாம்' என்று நாள் குறித்துக் கொடுங்கள். இரண்டு சித்திரை போய்விட்டது. திருக்கல்யாணத்தை டிவியில் பார்த்தோம், அழகர் ஆற்றில் இறங்கவே இல்லை. மதுரையில் பிறந்த ஒரு மனுஷிக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 17-ஆம் தேதி ஆடி பிறக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் தாங்காது. வெள்ளி, செவ்வாய் இல்லாத ஒரு நாள், நடை திறந்ததும் காலையில் போங்கள். கோயிலுக்குள்ளே ஆடி வீதி திறந்தவெளி. அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். சந்நிதி வரிசை நெருக்கமாக இருந்தால் அன்றைக்கு ஆடி வீதியில் நின்றே கும்பிட்டுவிட்டு வாருங்கள். அத்தையிடம் நீங்கள் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'அத்தை, நானே உங்களைக் கூட்டிப்போகிறேன்.' தடுக்கிற மருமகள் மேல் வருகிற கோபம், கூட வருகிற மருமகள் மேல் வராது.

பால் பாக்கெட் கழுவுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நோட்டைக் கழுவுவதையும்தான். பொருள்களைத் தொடுவதால் இது பரவுவது ரொம்பக் குறைவு. வெளியே போய் வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சாப்பிடும் முன் கழுவுங்கள், போதும். அந்தத் தெம்பை வைத்துக்கொண்டு வீட்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். காய்ச்சல் வந்து, அளவு 94-க்குக் கீழே போனால் ராத்திரி, விடியட்டும் என்றெல்லாம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மே மாதத்தில் எத்தனையோ வீடுகளில் விடியட்டும் என்று காத்திருந்தார்கள். உங்கள் அண்ணன் விஷயத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் உங்கள் கையில் இருந்ததை நீங்கள் செய்திருப்பீர்கள்.

திறந்த கடையினால் என்ன ஆகிறது என்பது அன்றைக்கே தெரியாது. பதினைந்து, இருபது நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரியில் தெரியும். எனவே ஜூலை கடைசி வரை நம் மாவட்டத்துத் தினசரி எண்ணிக்கையை வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாருங்கள். ஏறுகிற மாதிரி இருந்தால் கோயில் பயணத்தைத் தள்ளிப் போடலாம், கடைக்குள் ஒரே நேரத்தில் விடுகிற ஆட்களைக் குறைக்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் வருகிற சங்கதிகளைப் படித்து நெஞ்சு படபடக்க வேண்டாம்.

இப்போது கடைசி விஷயம். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அண்ணியை இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்று. எனக்கு அந்த வரிதான் மனதில் நிற்கிறது. நம் பக்கம் ஒரு சாவு விழுந்தால் வாசலில் பந்தல் போட்டு, பங்காளி, மாமன், மச்சான் என்று ஊரே வந்து உட்கார்ந்து, அழுதவரைக் கட்டிக்கொண்டு அழுது, மூன்று நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு மூட்டவிட மாட்டார்கள். உங்கள் அண்ணிக்கு அது எதுவும் கிடைக்கவில்லை. உங்களுக்கும் கிடைக்கவில்லை. தத்தனேரியில் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்து, அன்று ராத்திரி துணியைத் துவைத்துப் போட்டுவிட்டுத் தனியாகப் படுத்திருப்பீர்கள். உள்ளே போன அழுகை அப்படியே நிற்கிறது. அதுதான் பால் பாக்கெட்டைக் கழுவுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊரடங்கில் என்னென்னவோ திறந்திருக்கிறார்கள், உங்களுக்குத் திறந்தது உசிலம்பட்டி ரோடு. முதலில் அங்கே போங்கள். மாவட்டத்துக்குள்ளேதான், பயணத்துக்கு ஆன்லைனில் செய்கிற இ-பதிவு கிடையாது. பஸ் பயமாக இருந்தால் கணவரோடு வண்டியில் போங்கள், ஒரு மணி நேரம். நீங்கள் இரண்டு பேர் மட்டும் போங்கள், மற்ற உறவுக்காரர்களும் ஒரே கூட்டமாகப் போகாமல், அடுத்த நான்கு வாரத்தில் ஒவ்வொரு குடும்பமாகப் போய் வரட்டும். திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ உட்காருங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டே கட்டிக்கொண்டு அழலாம், அதில் தப்பில்லை. அண்ணன் படத்துக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிப் போங்கள். அண்ணி கையில் கொஞ்சம் பணம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் ஒரு சேலை கடையிலிருந்து எடுத்துப் போங்கள். வாரிசுச் சான்றிதழ், இன்சூரன்ஸ், வங்கிக் கணக்கு என்று அவர் தனியாக அலைந்துகொண்டிருப்பார், எந்தக் காகிதம் நிற்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு உங்கள் கணவர் கூடப் போகட்டும். சாப்பிட்டுப் போ என்று அண்ணி சொல்லுவார். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு தட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.