உணர்ச்சி இல்லாத உடம்புக்கும் மயக்கம் வேண்டுமா?

முள்ளந்தண்டு நோயாளர் உள்ள வீடுகளிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை எடுத்திருக்கிறேன்.

பனையால் விழுந்த தம்பிக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. மூத்திரப்பைக் கல் எடுக்க எதற்கு மயக்கம்? – கோப்பாய் வாசகி

தம்பிக்கு நோகாது, சரி. ஆனால் உடம்புக்குத் தெரியும். கருவி மூத்திரப்பைக்குள் போனதும் அந்தச் செய்தி முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத்தண்டான முண்ணாணில் ஏறும், காயத்துக்குக் கீழே இரத்தக்குழாய்கள் இறுகும், பிரசர் கூடும். 'தளர்ந்து விடு' என்று மூளை இடும் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே இறங்காது. நெஞ்சுப் பகுதியின் 6ஆவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மூளையில் இரத்தக் கசிவு வரை போகலாம்.

ஒருமுறை, கத்தி படுவதற்கு முன்னமே ஒருவருக்கு முகம் சிவந்து நெற்றி வியர்த்து ஒழுகியது. "தலை வெடிக்குது டொக்டர்" என்றார். கால்களோ காய்ந்து குளிர்ந்திருந்தன. பார்த்தால், மூத்திரக் குழாய் தொடைக்கடியில் மடிந்து கிடந்தது. நிமிர்த்திவிட்ட பிறகுதான் பிரசர் இறங்கியது.

ஆகவே தம்பிக்கு ஆழமான மயக்கமோ முதுகில் ஊசியோ கட்டாயம் வேண்டும். விழுந்த திகதியையும் மறக்காமல் சொல்லுங்கள். அடிபட்டு இரண்டு மூன்று நாள் கடந்தவர்களுக்குச் சக்சமெத்தோனியம் என்ற தசை தளர்த்தும் ஊசியைப் போட்டால், இரத்தத்தில் பொட்டாசியம் சடுதியாக ஏறி இதயம் நின்றுவிடலாம். இந்த ஆபத்து மாதக்கணக்கில் நீடிக்கும். திகதி தெரிந்தால் வேறு மருந்தை எடுப்போம்.

அப்பாவுக்குக் கழுத்து முள்ளந்தண்டில் ஒபரேசன். வாயு இல்லாமல் முழுக்க ஊசியாலேயே மயக்குவார்களாம். இடையில் விழித்துவிட மாட்டாரா? – சாவகச்சேரி வாசகர்

பயம் நியாயமானது. இது ஒருதரம் போட்டுவிடும் ஊசி அல்ல. புரொபோபோல் என்ற மயக்க மருந்தும் ரெமிஃபென்டனில் என்ற வலி போக்கும் மருந்தும் பம்ப் வழியாக விடாமல் ஏறிக்கொண்டிருக்கும். குழாய் கழன்றால் மயக்கமும் தெளிந்துவிடும் என்பதால், ஊசி ஏறும் கையை முடிந்தவரை கண்ணில் படும்படி வைத்திருப்போம். மயக்கத்தின் ஆழத்தை அறிய நெற்றியில் சென்சார் ஒட்டுவதும் உண்டு.

வாயுவைத் தவிர்க்கக் காரணம் இருக்கிறது. ஒபரேசன் நடக்கும்போதே தலையில் சிறு மின்துடிப்புக் கொடுத்து, கைகால் தசை துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். முண்ணாண் நலமாக இருப்பதற்கு அதுதான் சாட்சி. மயக்க வாயு அந்தத் துடிப்பை மங்கச் செய்துவிடும். ஊசி மருந்து அவ்வளவு மங்கச் செய்யாது.

பால்போல் வெள்ளையாக ஒன்றை ஏற்றினார்கள், கை எரிந்தது. என்ன மருந்து? – பருத்தித்துறை வாசகர்

புரொபோபோலாகத்தான் இருக்கும். சோயா எண்ணெயில் கலந்திருப்பதால் அந்த வெள்ளை. எரிவு வழமையானது.

தசை இறுகி இழுப்பதற்குப் பேக்லோஃபென் குளிசை குடிக்கிறேன். ஒபரேசன் அன்று நிறுத்தவா? தேத்தண்ணி குடிக்கலாமா? – சுன்னாகம் வாசகர்

நீங்களாக நிறுத்தவே வேண்டாம். திடீரென விட்டால் தசை இழுப்பு மோசமாகும், வலிப்பும் வரலாம். பொதுவாக அன்று காலையும் ஒரு மிடறு தண்ணீரோடு குடிக்கச் சொல்வோம். வெறுந்தேத்தண்ணி என்றால் 2 மணித்தியாலம் முன்புவரை, பால் தேத்தண்ணி என்றால் 6 மணித்தியாலம் முன்புவரை. உங்கள் மயக்க மருத்துவர் வேறு நேரம் சொன்னால் அதன்படி செய்யுங்கள். குளிசைப் பெட்டியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.