இயங்குதளமே பயனரின் வயதைக் கேட்க வேண்டும் என்கிறதே கலிபோர்னியா சட்டம், லினக்ஸில் இதற்கு யார் பொறுப்பு?

ஏபி 1043 என்ற அந்தச் சட்டம் 2025 அக்டோபரில் கையெழுத்தானது, 2027 ஜனவரி 1 முதல் அமலுக்கு வருகிறது. இயங்குதளத்தை உருவாக்குபவரோ, அதற்கு உரிமம் தருபவரோ, அதைக் கட்டுப்படுத்துபவரோ பொறுப்பு என்பது அதன் வாசகம். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் என்றால் மூன்றும் ஒரே ஆள்தான், சிக்கல் இல்லை. லினக்ஸை வைத்துக் கட்டிய டெபியன் என்ற இயங்குதளத்தில் கர்னலை, அதாவது அதன் மையப் பகுதியை, எழுதுவது ஒரு கூட்டம், டெஸ்க்டாப் இன்னொரு கூட்டம், எல்லாவற்றையும் சேர்த்து, கணினியில் ஏற்றும் நிறுவியாகக் கொடுப்பது சம்பளமில்லாத தன்னார்வலர்கள், அப்புறம் அதை எடுத்து யார் வேண்டுமானாலும் மாற்றி வேறு பெயரில் வெளியிடலாம்.

என்னைக் கேட்டால் நிறுவியை வெளியிடுகிறவர் தலையில்தான் இது விழும், ஏனென்றால் கணக்குத் தொடங்கும் இடம் அவர் கையில்தான் இருக்கிறது. 'எந்த உத்தரவாதமும் இல்லை' என்று லினக்ஸ் வெளியாகும் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் போட்டிருப்பது காப்பாற்றாது, அது எழுதியவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையிலான பேச்சு, அரசு வழக்குப் போட்டால் அதைக் காட்டித் தப்ப முடியாது.

பலர் பயப்படுவது போல அடையாள அட்டையோ செல்ஃபியோ கேட்கச் சொல்லவில்லை. கணக்குத் தொடங்கும்போது பயனரின் வயதையோ பிறந்த தேதியையோ தட்டினால் போதும், சிறுவர் என்றால் அதைப் பெற்றோர் தட்டுவார், செயலி கேட்கும்போது 13-க்குக் கீழ், 13 முதல் 15, 16-17, 18-உம் அதற்கு மேலும் என்ற நான்கில் எது என்று மட்டும் இயங்குதளம் சொல்லும். நல்லெண்ணத்தோடு முயன்றும் வயது தவறாகப் போனால் இயங்குதளக்காரரைப் பிடிக்க முடியாது.

உண்மையில் மாட்டப்போவது செயலிக்காரர்கள் என்பேன். வயதுக் குறிப்பு கைக்கு வந்துவிட்டால், பயனரின் வயது அவர்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். குழந்தைகளின் இணையத் தனியுரிமைக்கான அமெரிக்காவின் 1998-இன் காப்பா சட்டத்தில், குழந்தைகளுக்கென்றே இல்லாத பொதுவான தளங்கள் 'குழந்தை என்று எங்களுக்குத் தெரியாது' என்று இத்தனை வருடம் ஒதுங்கியிருந்த வழி இதனால் அடைபடுகிறது, அது எனக்குச் சரியாகவே படுகிறது. ஏபி 1043-ஐக் கவனக்குறைவாக மீறினால் பாதிக்கப்படும் ஒரு குழந்தைக்கு 2,500 டாலர் வரை, வேண்டுமென்றே செய்தால் 7,500 வரை அபராதம், வழக்குப் போடும் அதிகாரம் மாநில அட்டர்னி ஜெனரலுக்கு.

எனக்குப் பிடிக்காதது, பொதுப் பயன்பாட்டுக் கணினி எல்லாவற்றையும் ஒரே வலையில் போட்டதுதான். சர்வரில் பாதிக் கணக்குகளுக்குப் பின்னால் மனிதரே கிடையாது. ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்குப் பிறந்த தேதி கேட்டால், லினக்ஸ் நேரத்தை எண்ணத் தொடங்கும் நாளான 1970 ஜனவரி 1 என்று போட்டுவிடலாம், அதுவும் இப்போது வயது வந்த ஆள்தான்.