சூட்டுக் கட்டின்னு நெனச்சது திரும்பத் திரும்ப வந்தா என்ன பண்ணணும்?

அக்குள்லயும் தொடையிலயும் மாறி மாறி சீழ்க்கட்டி வருது, உடம்புச் சூடுதான் காரணமா, எப்ப டாக்டர்கிட்ட போகணும்னு கேட்டிருக்கீங்க. எங்க வீட்ல ஒரு வருஷம் இதோட பட்டிருக்கோம், அதனால சொல்றேன்.

எனக்கு முதல்ல பெல்ட் படுற இடத்துல வந்துச்சு. அம்மா சூடுன்னு சொல்லி எண்ணெய் தேச்சு குளிக்க வெச்சாங்க, மாம்பழத்த நிறுத்தினேன், தானா உடைஞ்சு ஆறிடுச்சு. அப்புறம் தொடையில, அடுத்து என் பையனுக்கு. ஒவ்வொரு தடவையும் மெடிக்கல்ல கேட்டு மூணு நாள் மாத்திரை வாங்கிப் போட்டு வலி குறைஞ்சதும் விட்டுடுவேன். நாலாவது கட்டிய நானே பிதுக்கிட்டேன், அன்னிக்கு ராத்திரியே குளிர் ஜுரம், சுத்தி கையகலத்துக்கு செவந்து போச்சு.

சர்ஜன் மரத்துப்போற ஊசி போட்டு கீறி சீழ எடுத்துட்டு, அதையே கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்பினார். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்ங்கிற கிருமி, நான் போட்டுட்டிருந்த மாத்திரைக்கு அது அடங்காதுன்னு ரிப்போர்ட்ல வந்துச்சு. சீழ் கோத்து நிக்கிற கட்டிக்குள்ள மருந்து சரியா இறங்காதாம், சீழ வெளியேத்துறதுதான் முக்கிய வைத்தியம்.

இந்தக் கிருமி பத்துல மூணு பேருக்கு மூக்குக்குள்ள சும்மாவே குடியிருக்கும், அதனாலதான் ஒரு கட்டி ஆறினாலும் இன்னொண்ணு வருது. எங்களுக்கு மியூபிரோசின் 2% ஆயின்மென்ட் மூக்குக்குள்ள காலைல ராத்திரி 5 நாள், கூடவே குளோர்ஹெக்சிடின் 4%ங்கிற கிருமிநாசினி திரவம் போட்டு குளியல், வீட்ல எல்லாரும் ஒரே சமயத்துல பண்ணணும்னு சொன்னாங்க. டவல், ரேசர் ஆளுக்கு ஒண்ணு, தலையணை உறையெல்லாம் வெந்நீர்ல துவைச்சோம். இத டாக்டர்கிட்ட கேட்டுட்டே பண்ணுங்க. சுகரும் பாத்துடுங்க, மூணு மாச சராசரி சொல்ற ஹெச்பிஏ1சி டெஸ்ட், ஏன்னா கட்டி அடிக்கடி வந்த பிறகுதான் நெறைய பேருக்கு சுகர் இருக்கறதே தெரியுது.

சின்னக் கட்டின்னா பொறுக்கற சூட்டுல வெந்நீர்த் துணிய 10, 15 நிமிஷம் ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ வைங்க, பிதுக்காதீங்க, ஊசியால குத்தாதீங்க. ஜுரம் வந்தாலோ, செவப்பு பரவினாலோ, கோடு மாதிரி ஓடினாலோ, மூக்கு, மேல் உதடு, கண் பக்கம் வந்தாலோ அன்னிக்கே போயிடுங்க. சுகர் இருக்கறவங்க, கைக்குழந்தைன்னா கட்டி சின்னதா இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பாக்கறதுக்கு சின்னதா இருந்து வலி மட்டும் தாங்க முடியாம, ஆளும் சோர்ந்து போனா நேரா எமர்ஜென்சிதான்.

இன்னொண்ணு, உங்களுக்கு அக்குள்லயே வருதுன்னு சொல்றீங்களே, ஒரே இடத்துல தழும்போட, உள்ளுக்குள்ள சுரங்கம் மாதிரி ஓடி கசிஞ்சா அது ஹைட்ராடெனைட்டிஸ்னு வேற நோயா இருக்கலாம், அதுக்கு ஸ்கின் டாக்டர் பாக்கணும், வைத்தியமே வேற. போறப்ப இதுவரைக்கும் போட்ட மாத்திரை அட்டையெல்லாம் எடுத்துட்டுப் போங்க, கட்டிக்குக் கேக்காத மருந்தையே மறுபடி எழுதாம இருக்க உதவும்.