உதிரியும் தோட்டாதான்

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் மைத்துனர் குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர், தமக்கு வேண்டிய தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார். இங்கே உரிமத்துடன் துப்பாக்கி வைத்துப் பயிற்சி செய்யும் என் மகனுக்காகப் பித்தளைக் கூடுகள், ஈயக் குண்டுகள், பிரைமர்கள் (தட்டியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகள்) ஆகியவற்றை டிசம்பரில் பெட்டியில் எடுத்து வருவதாகச் சொல்கிறார். முழுத் தோட்டா அல்லாமல் வெறும் உதிரிகள்தானே, தடை இருக்காது என்கிறார். சரிதானா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: சரியில்லை. முழுத் தோட்டாவுக்குச் சட்டம் காட்டும் சலுகைகூட உதிரிகளுக்குப் பல இடங்களில் கிடைப்பதில்லை என்பதே இதில் உள்ள விசித்திரம்.

நமது ஆயுதச் சட்டம், 1959, தன் 2-ஆம் பிரிவில் தோட்டா முதலியவற்றுக்கு இலக்கணம் கூறும்போதே அவற்றின் பாகங்களையும், அவற்றைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே பித்தளைக் கூடும் ஈயக் குண்டும் சட்டத்தின் பார்வையில் தோட்டாவுக்குச் சமம். அவற்றை உரிமமின்றி நாட்டுக்குள் கொண்டுவருவதை 10-ஆம் பிரிவு தடுக்கிறது. வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமான அளவில் கொண்டுவரலாம் என்று அதே பிரிவு ஒரு விலக்கும் அளிக்கிறது. ஆனால் மைத்துனர் கொண்டுவருவது தமக்காக அல்ல, உங்கள் மகனுக்காக. அந்த விலக்கில் அவர் நுழைய முடியாது.

அமெரிக்கப் பக்கமும் இதே கதைதான். அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் கூடு, பிரைமர், குண்டு, அந்தக் குண்டை வெளித்தள்ளும் உந்துமருந்து ஆகிய நான்கையும் பெயர் சொல்லியே தோட்டா வரையறைக்குள் வைத்திருக்கிறது. 2020 மார்ச் முதல் இவற்றின் ஏற்றுமதியைப் பெரும்பாலும் வணிகத் துறை கவனிக்கிறது. குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பு அட்டை பெற்றவர்களும் பயணச் சுமையில் 1,000 தோட்டாக்கள் வரை உரிமமின்றி எடுத்துச் செல்ல ஒரு விலக்கு உண்டு. அது முழுத் தோட்டாக்களுக்கே உரியது. அதுவும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே, பிறருக்குக் கைமாற்றுவதற்கு அல்ல.

மூன்றாவது தடை விமானம். முறையாகப் பொதிந்த சிறு ஆயுதத் தோட்டாக்களை, விமான நிறுவனத்தின் ஒப்புதலுடன், ஒருவர் 5 கிலோ வரை சரக்கறையில் ஏற்றலாம் என்பது பன்னாட்டு விதி. பிரைமரையும் உந்துமருந்தையும் கைப்பையிலும் வைக்கக் கூடாது, பெரிய பெட்டியிலும் வைக்கக் கூடாது. உறுதியான கூட்டுக்குள் அடங்கிய தோட்டாவைவிடத் தனியாகக் கிடக்கும் பிரைமர் எளிதில் வெடிக்கும் என்பதால் இதில் நியாயம் இல்லாமலில்லை. உந்துமருந்தை இறக்குமதி செய்வதற்கு, 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி, நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமமும் வேண்டும். நம் நீலகிரியின் அருவங்காட்டு ஆலையில் நூறாண்டுக்கு மேலாக உந்துமருந்து தயாராகிறது. அந்த ஆலையைக் கடந்துதான் நாம் தினமும் குன்னூருக்கும் உதகைக்கும் போய் வருகிறோம். ஆனால் தனி ஒருவர் ஒரு டப்பா மருந்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு அது எந்தச் சலுகையும் தராது. மகனுக்கு வேண்டியதை, அவருடைய உரிமத்தில் குறித்த அளவுக்குள், உரிமம் பெற்ற உள்ளூர் வணிகரிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ராணுவத்தில் பணியாற்றிய என் தந்தை மறைந்த பின், அலமாரியில் மூன்று பித்தளைத் தோட்டாக்கள் கிடைத்தன. நினைவாக அவற்றை நியூஜெர்சிக்கு எடுத்துச் செல்ல என் மகன் விரும்புகிறான். (வாசகி, வெலிங்டன்)

பதில்: முதலில் அவற்றை மேசைமேல் வைத்து, கழற்றவோ தட்டவோ முயலாமல், கண்ணால் மட்டும் பாருங்கள். கூட்டின் வாய் திறந்திருந்து, அடிப்பகுதியின் நடுவிலுள்ள சிறு வட்டத்தில் ஊசி குத்தியது போன்ற பள்ளம் தெரிந்தால் அது சுட்ட வெறுங்கூடு. வாயில் குண்டு பொருந்தியிருந்தால், அடியில் பள்ளமே இருந்தாலும், எத்தனை பழையதானாலும், அதை உயிருள்ள தோட்டாவாகவே கொள்ள வேண்டும். காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

வெறுங்கூட்டைப் பொறுத்தவரை, மற்றப் பாகங்களுடன் சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களை வைத்திருப்பதற்கு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. வீட்டு அலமாரிக்கு அது போதும். ஆனால் எக்ஸ்ரே திரையில் பித்தளைக் கூட்டின் உருவத்தைக் காணும் பாதுகாவலர் அந்தப் பிரிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு உங்கள் மகனை அனுப்பி வைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது; அது நீதிமன்றத்தில் எடுத்துவைக்க வேண்டிய வாதம். வழியில் விமானம் மாறும் நாட்டின் சட்டம் வேறு குறுக்கே நிற்கும். அஞ்சலில் அனுப்பும் யோசனையும் வேண்டாம். கூடுகள் இங்கேயே இருக்கட்டும், படம் எடுத்து அனுப்புங்கள் என்பதே என் கருத்து.

கேள்வி: பையில் மறந்து கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காக வழக்குப் போடுவார்களா? (வாசகர், கூடலூர்)

பதில்: போடுவார்கள். தெரிந்தே வைத்திருந்தால்தான் அது சட்டப்படி உடைமை என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் விளக்கியுள்ளது. அந்த வாதத்தால் பலர் மீண்டிருக்கிறார்கள். ஆனால் மீள்வதற்குள் விமானம் போய்விடும், கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் சிக்கல் வரும். என்னிடம் வந்த ஒருவரின் தோட்டா, கிழிந்த உள்துணி வழியாக நழுவிப் பையின் அடி அட்டைக்கும் துணிக்கும் நடுவே கிடந்தது. அவர் அந்தப் பையை இரண்டு முறை கவிழ்த்து உதறியிருந்தார். பயிற்சிக்குக் கொண்டுபோன பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள்.